அடிக்குறிப்புக்கும் குரல் உண்டு
(நாகலாபுரத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஆய்வுக் கட்டுரையைப் பாட்காஸ்ட் ஆக்குவது எப்படி என்று பேசக் கூப்பிட்டிருக்கிறீர்கள். கூப்பிட்ட தம்பிகள் போனிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள். “நம்ம பக்கத்தைப் பத்தி எவ்வளவோ ஆராய்ச்சி நடந்திருக்குங்காங்க சார். இங்க யாரும் அதைப் படிச்சதில்ல. எடுத்துப் பார்த்தாலும் ரெண்டு பக்கம் தாண்ட முடியல. அதைக் காதால கேக்கிற மாதிரி செய்யணும்” என்றார்கள். நியாயமான ஆசை. இந்த மண்ணைப் பற்றி எழுதியது இந்த மண்ணுக்கு வந்து சேரவில்லை என்றால், அது பாதி வழியில் நிற்கிற எழுத்து.

இந்த ஆசையைச் சொன்னதும் பலரும் கொடுக்கிற யோசனை ஒன்று இருக்கிறது. கட்டுரையின் முடிவை மட்டும் எடுத்துக்கொள். மேற்கோள், அடிக்குறிப்பு, ஆதாரம், மாற்றுக் கருத்து எல்லாவற்றையும் கழித்துக் கட்டிவிடு. மிச்சத்தைக் கதையாகச் சொல்லிவிடு என்பார்கள். அந்த யோசனையை மறுக்கத்தான் நான் வந்திருக்கிறேன். பருத்தி விளைகிற ஊரில் நின்றுகொண்டு இதைச் சொல்வது எளிது. கொட்டை எடுத்த பஞ்சு நூலுக்கு ஆகும், மெத்தைக்கு ஆகும், விதைப்புக்கு ஆகாது. ஆதாரத்தை எடுத்துவிட்ட ஆராய்ச்சியைக் கேட்கிறவர் ரசிப்பார். அதை வைத்துத் தானாக ஒரு கேள்வி எழுப்ப அவரால் முடியாது.

முதலில், கட்டுரை ஏன் காதில் ஏறமாட்டேன் என்கிறது என்று பார்ப்போம். அது கண்ணுக்காகக் கட்டப்பட்ட பொருள். படிக்கிறவர் பக்கத்தைத் திருப்பலாம், மேலே போய் மறுபடி பார்க்கலாம், அடிக்குறிப்புக்கு இறங்கி ஏறலாம். கேட்கிறவருக்கு அந்த வசதி எதுவும் கிடையாது. அவர் யாரென்று நினைத்துப் பாருங்கள். கோவில்பட்டித் தீப்பெட்டி ஆபீஸில் பெட்டி ஒட்டுகிற அக்கா. கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சுகிறவர். விளாத்திகுளம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற பையன். ஆட்டுக் கிடைக்குக் காவலாக ராத்திரி முழுக்க முழித்திருக்கிறவர். இவர்களுக்குக் கை ஓய்ந்திருக்காது, கண்ணுக்கும் வேலை இருக்கும். காது மட்டும்தான் சும்மா இருக்கிறது. ஒரு வாக்கியம் அந்தக் காதைத் தாண்டிப் போய்விட்டால் போனதுதான்.

இன்னொரு காரணம் நம்முடைய ஆய்வுத் தமிழ். ‘அறியமுடிகிறது’, ‘கருதப்படுகிறது’, ‘எனலாம்’, ‘நோக்கத்தக்கது’ என்று அதன் வாக்கியங்கள் முடிகின்றன. யார் அறிந்தார், எப்போது, எந்த ஏட்டிலிருந்து, யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டு அறிந்தார்? ஒன்றும் தெரியாது. ஆள் மறைந்துபோகிறார். எழுத்தில் இதைப் பொறுத்துக்கொள்கிறோம். குரலில் ஆள் மறைய முடியாது. பேசுவது ஒரு மனிதர்; அவருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்கிறவர் மனம் உடனே கேட்கும். ஆதாரத்தைச் சொல்ல வேண்டிய கட்டாயம் கட்டுரையைவிட ஒலிக்குத்தான் அதிகம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

பாட்காஸ்ட் என்ற பேரே 2004இல்தான் வந்தது. வேலை பழைய வேலை. தமிழில் அதை முதலில் முறையாக யோசித்தவர்களில் ஒருவர் யாழ்ப்பாணத்துக்காரரான சோ. சிவபாதசுந்தரம். லண்டன் பி.பி.சி.யின் தமிழ் ஒலிபரப்புக்குத் ‘தமிழோசை’ என்று பேர் வைத்தவர். 1954இல் ‘ஒலிபரப்புக் கலை’ என்று ஒரு நூலே எழுதினார். வானொலிக்குப் பேசுவதும் மேடையில் பேசுவதும் வேறு வேறு கலை என்ற நினைப்பே பலருக்கு வராத காலம் அது. அதே இலங்கையில், பழந்தமிழர் நாடகத்தைப் பற்றி இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து பட்டம் பெற்ற பேராசிரியர் கா. சிவத்தம்பி, அதற்கு முன்னால் இலங்கை வானொலியில் இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’ தொடர் நாடகத்தில் நடித்தவர். அறிஞருக்கும் மைக்குக்கும் ஆகாது என்று சொல்கிறவர்கள் இந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டுச் சம்சாரிகளுக்கு நன்றாகத் தெரிந்த உதாரணம் ஏ.டி.டி. 27. ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் அறுபதுகளில் உருவான குறுகிய கால நெல். இன்டிகா, ஜப்பானிகா என்ற இரண்டு வகை நெல்லைக் கலந்து எடுத்தது. ஆராய்ச்சியாளர்கள் எழுதிய அறிக்கை சம்சாரி கைக்குப் போகவில்லை. திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிதான் போய்ச் சேர்ந்தது. தஞ்சாவூர்ப் பக்கத்தில் அந்த நெல்லுக்கே ‘ரேடியோ நெல்லு’ என்று பேர் நிலைத்துவிட்டது. ஆராய்ச்சி ஒன்று அதைக் கொண்டுவந்த ஊடகத்தின் பேரால் அழைக்கப்பட்டது தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

அந்த நிகழ்ச்சிகள் ஏன் எடுபட்டன? சம்சாரியிடம் “இது நல்ல விதை, போடு” என்று மட்டும் சொன்னால் அவர் போடமாட்டார். எந்தப் பட்டத்தில் போட்டீர்கள், எத்தனை நாளில் அறுத்தீர்கள், எந்த மண், எவ்வளவு உரம், பூச்சி வந்ததா, யார் வயலில் பார்த்தீர்கள் என்று கேட்பார். இவையெல்லாம் ஆராய்ச்சி அறிக்கையில் அட்டவணையாக இருக்கிற விஷயங்கள். அவற்றை விட்டுவிட்டுப் பேசியிருந்தால் ஒரு சம்சாரியும் நம்பியிருக்க மாட்டார். அட்டவணை அங்கே கேள்வியும் பதிலுமாக மாறியது, அவ்வளவுதான். வேளாண்மையில் நாம் ஒத்துக்கொள்கிற இந்த நியாயத்தை வரலாறு, பண்பாடு என்று வந்ததும் மறந்துவிடுகிறோம். “ஜனங்களுக்கு ஆதாரமெல்லாம் எதற்கு, கதை போதும்” என்கிறோம். விதையை விசாரிக்கத் தெரிந்தவருக்கு வரலாற்றை விசாரிக்கத் தெரியாதா?

நம் கரிசல் மண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901இல் தொடங்கியது. மானாவாரி வெள்ளாமையைப் பற்றி நூற்றாண்டுக்கு மேலாக அங்கே வேலை நடக்கிறது. கருங்கண்ணிப் பருத்தியிலும் சோளத்திலும் ‘கே’ என்ற எழுத்தோடு வந்த ரகங்கள் எல்லாம் கோவில்பட்டி தந்தவை. அந்த ஆய்வுகளை நாளைக்கு நீங்கள் ஒலியாக்கினால், “கரிசல் மண் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்” என்று தொடங்காதீர்கள். இங்கே ஆறு வயதுப் பிள்ளைக்கும் அது தெரியும். இந்த மண்ணில் ஒரு வகைக் களி இருக்கிறது. அது தண்ணீரைக் குடித்து ஊதும், காய்ந்தால் சுருங்கும். அதனால்தான் கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடுகிறது. மேல்மண் அந்த வெடிப்பில் விழுந்து, மண் தன்னைத்தானே புரட்டிக்கொள்கிறது என்று சொல்லுங்கள். தினமும் பார்க்கிற வெடிப்புக்குக் காரணம் கிடைக்கிறபோது கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். பருவமழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவதைப் பற்றி நிலையத்தார் சொன்னதைச் சொல்லும்போது, அதைச் செய்து பார்த்த சம்சாரி ஒருவரையும் பேசவையுங்கள். எங்கே அது பொய்த்தது என்பதை அவர் சொல்வார். கட்டுரையில் இல்லாத ஒரு பக்கம் அங்கே எழுதப்படும்.

இனி நான் அதிக நேரம் நிற்க விரும்புகிற இடத்துக்கு வருகிறேன். கட்டபொம்மன்.

ஆராய்ச்சி ஒலியாகி வீடு வீடாகப் போனதற்குத் தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய உதாரணம் கிடையாது. ம.பொ.சி. 1949இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ நூலை எழுதினார். அதற்குப் பிறகு சக்தி கிருஷ்ணசாமி எழுத, சிவாஜி கணேசன் மேடையில் நடித்தார். 1959இல் பி.ஆர். பந்துலு அதைப் படமாக எடுத்தார். படத்தைப் பார்த்தவர்களைவிடக் கேட்டவர்கள் அதிகம் என்றுகூடச் சொல்லலாம். வசன ரெக்கார்டு கல்யாண வீட்டில் ஓடியது, கோயில் கொடையில் ஓடியது, வானொலியில் ஒலிச்சித்திரமாக வந்தது. பள்ளிக்கூட மாறுவேடப் போட்டியில் அட்டைக் கத்தி பிடித்த பையன் அந்த வசனத்தைச் சொல்லாத ஊர் உண்டா? ஒரு பாளையக்காரரின் பேர் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தது ஒலியால்தான். அந்தச் சாதனையை நான் குறைத்துப் பேசவில்லை. கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையின் பேரைப் பள்ளிப் பிள்ளைகள் சொல்கிறார்கள் என்றால் அதற்கு அந்தப் படத்துக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஆனால் அந்த ஒலியில் ஒன்று இல்லை. இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியவந்தது என்பது இல்லை. சினிமாவில் அதை எதிர்பார்க்கவும் கூடாது. பாட்காஸ்ட் செய்கிறவர்கள் எதிர்பார்க்க வேண்டும். கட்டபொம்மனைப் பற்றி நமக்குத் தெரிந்தது மூன்று வழியில் வந்து சேர்ந்தது. ஒன்று, கும்பெனி அதிகாரிகள் எழுதிய கடிதங்கள். அவற்றில் பலவற்றை எடுத்து வைத்துத்தான் கால்டுவெல் 1881இல் திருநெல்வேலி மாவட்ட வரலாற்றை எழுதினார். இரண்டு, சண்டையில் எதிர்த்தரப்பில் நின்றவர்களின் நினைவுக் குறிப்புகள். ஜேம்ஸ் வெல்ஷ் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1830இல் வெளியிட்ட நூலில் ஊமைத்துரையைப் பற்றி எழுதுகிற இடத்தில் பகையைவிட வியப்பு அதிகம். மூன்று, இந்த ஊர்களில் பாடிய கதைப்பாடல்களும் ஆடிய கூத்துகளும். நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை எழுபதுகளின் தொடக்கத்தில் அவற்றைப் பதிப்பிக்க, மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. பாட்டையும் ஆவணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அறிஞர் அவர். இந்த மூன்று வழியும் ஒன்றையே சொல்வதில்லை. அப்படி ஒத்துப்போகாததுதான் நமக்கு வேண்டியது.

உங்கள் ஊரையே வைத்துக் காட்டுகிறேன். 1799 செப்டம்பரில் மேஜர் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்குகிறார். கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறுகிறார். அவருடைய தானாபதி சுப்பிரமணிய பிள்ளை கோல்வார்பட்டிப் பக்கம் பிடிபடுகிறார். அவரை நாகலாபுரத்தில் தூக்கிலிட்டு, தலையைப் பாஞ்சாலங்குறிச்சியில் நட்டு வைத்தார்கள். நாகலாபுரம் பாளையக்காரரின் உடன்பிறந்தவரான சௌந்தரபாண்டிய நாயக்கரும் அதே நாட்களில் கொல்லப்பட்டார். அக்டோபரில் கயத்தாற்றில், கூட்டி நிறுத்தப்பட்ட மற்றப் பாளையக்காரர்கள் பார்க்க, கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். நாகலாபுரம் பாளையத்தைக் கும்பெனி பறித்துக்கொண்டது.

இதை ஓர் ஆய்வுக் கட்டுரை எப்படி எழுதும்? “கும்பெனியாரின் தண்டனை நிறைவேற்றமானது பாளையக்காரர்களிடையே அச்சத்தை விளைவிக்கும் நோக்கில் அமைந்த காட்சிப்படுத்தலாகவே இருந்தது என அறியமுடிகிறது” என்று எழுதும். தப்பான வாக்கியம் இல்லை. நல்ல கருத்தும்கூட. ஆனால் பெட்டி ஒட்டுகிற அக்காவின் காதில் இது நிற்காது.

அதை ஒலிக்கு மாற்றும்போது நான் இப்படித் தொடங்குவேன்: “சுப்பிரமணிய பிள்ளை வேலை பார்த்தது பாஞ்சாலங்குறிச்சியில். பிடிபட்டது கோல்வார்பட்டிப் பக்கம். அப்புறம் ஏன் அவரை நம்ம நாகலாபுரத்துக்குக் கொண்டுவந்து தூக்கில் போட்டார்கள்? உடம்பு இங்கே, தலை மட்டும் ஏன் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போனது?” கட்டுரையின் முடிவு இங்கே கேள்வியாகிவிட்டது. அடுத்த இருபது நிமிடமும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போகலாம். பானர்மேன் உத்தரவு வருகிறது: எல்லார் கண்ணிலும் படுகிற இடமாகப் பார்த்துத் தூக்கிலிட வேண்டும் என்பது அதன் சாரம். இந்த உத்தரவு நமக்கு எப்படிக் கிடைத்தது? இடையன்குடியில் இருந்து ஊழியம் செய்த கால்டுவெல் என்ற பாதிரியார், நடந்து எண்பத்திரண்டு வருஷம் கழித்து, அரசாங்கக் கடிதங்களைப் பார்த்து எழுதி வைத்ததால் கிடைத்தது. அந்தப் பாதிரியாருக்குக் கும்பெனி ஆட்சியின் மேல் என்ன எண்ணம் இருந்தது? அதையும் சொல்ல வேண்டும். பிறகு பாட்டு வருகிறது. பாட்டில் தானாபதி பிள்ளை வேறு ஆளாக இருக்கிறார். சண்டைக்கு அவர்தான் காரணம் என்று அவர்மேல் பழி விழுகிற இடங்களும் உண்டு. கடைசியாக, இந்த ஊரில் இன்றைக்குப் பெரியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பது வருகிறது. எந்த இடம் என்று கை காட்டுகிறார்கள்? இரண்டு பேர் இரண்டு இடத்தைக் காட்டினால் இரண்டையும் ஒலிபரப்புங்கள். ஒன்றை அழித்துவிட்டு ஊர் ஒரே குரலில் பேசுகிறது என்று காட்டிவிடாதீர்கள்.

ஆவணத்தை வாசிக்க ஒரு குரல், பாட்டுக்கு ஒரு குரல், ஊர்ப் பெரியவருக்கு அவருடைய சொந்தக் குரல், நடத்திச் செல்ல ஒரு குரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிடம் கேட்டதும், எது கடிதம், எது பாட்டு, எது நினைவு என்று கேட்கிறவர் தாமாகப் பிரித்துவிடுவார். கட்டுரையில் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் கிடக்கிற குறிப்பு, ஒலியில் முன்னால் வந்து நிற்கிறது. கட்டுரையால் முடியாத ஒரு காரியம் இது.

இதற்கு நீங்கள் வெளியூருக்குப் போய்ப் பாடம் படிக்க வேண்டியதில்லை. வில்லுப்பாட்டில் பக்கப்பாட்டுக்காரர் என்ன செய்கிறார்? ‘ஆமா’ போடுவது மட்டுமா அவர் வேலை? புலவர் கதையை ஓட்டிக்கொண்டு போகும்போது குறுக்கே நிறுத்தி, “அதெப்படி அண்ணாச்சி?” என்று கேட்கிறார். எதிரே மணலில் உட்கார்ந்திருக்கிற சனத்துக்கு வருகிற சந்தேகம் அவர் வாயில் வருகிறது. சாத்தூர் பிச்சைக்குட்டி வில்லைக் கேட்டவர்கள் இந்தச் சபையிலும் இருப்பீர்கள். அந்தக் குறுக்குக் கேள்வி இல்லாத வில்லை உங்களால் நினைத்துப் பார்க்க முடியுமா? பி.பி.சி.யில் 1998இல் இருந்து வருகிற ‘இன் அவர் டைம்’ நிகழ்ச்சியில் மூன்று பேராசிரியர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மெல்வின் பிராக் என்பவர் பல ஆண்டுகள் அவர்களைக் குறுக்கே நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். எடுத்துக்கொண்ட பொருளில் அவர் நிபுணர் கிடையாது. நம் பக்கப்பாட்டுக்காரர் செய்கிற அதே வேலை. ஆகவே கட்டுரை எழுதியவரைத் தனியாக உட்கார்த்தி வாசிக்கவைத்துப் பதிவு செய்யாதீர்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். அவர் உண்மையாகவே தெரியாதவராக இருக்கட்டும். தெரியாத மாதிரி நடிக்கிறவர் இரண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார்.

இந்த இடத்தில் பண்பாட்டு ஆய்வாளர் தொ. பரமசிவனைச் சொல்லாமல் போக முடியாது. அழகர் கோயிலைப் பற்றிய அவருடைய ஆய்வேட்டை மதுரை காமராசர் பல்கலைக்கழகம் 1989இல் நூலாக்கியது. இயல் இயலாகப் பிரித்து, சான்று அடுக்கி எழுதிய முறையான ஆய்வு. 1997இல் அதே கை எழுதிய ‘அறியப்படாத தமிழகம்’ வந்தது. ஒவ்வொரு கட்டுரையும் சில பக்கம்தான். உப்பு, சோறு, எண்ணெய் என்று அடுப்படிப் பொருள்களில் இருந்து தொடங்கும். அந்த இரண்டு நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள். சின்னக் கட்டுரைக்காக அவர் சான்றைக் கைவிடவே இல்லை. வரிசையை மாற்றினார். ஆய்வேட்டில் கருத்து முன்னால் வந்து சான்று பின்னால் வரும். சின்னக் கட்டுரையில் சான்று முன்னால் வருகிறது: வீட்டில் நடக்கிற ஒரு சடங்கு, ஒரு சொலவடை, ஒரு கல்வெட்டு. கருத்து கடைசியில் மெதுவாக எழுந்திருக்கிறது. படிக்கிறவர் தன் வீட்டுச் சமையலறையில் இருந்தே தொடங்கிவிடுகிறார். பாட்காஸ்ட் எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பாடப்புத்தகத்தை நான் காட்ட மாட்டேன்.

அவரிடத்திலும் ஒரு எச்சரிக்கையோடு கற்றுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. சில கட்டுரைகளில் சான்றுக்கும் முடிவுக்கும் நடுவே ஒரு பெரிய தாண்டல் இருக்கும். அவருக்கு இருந்த படிப்பும் களப்பணியும் அந்தத் தாண்டலைத் தாங்கின. நமக்கு அந்தப் பலம் வருகிறவரை, தாண்டுகிற இடத்தில் “இது என் ஊகம்” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத் தாண்டுவோம். ஒலியில் அந்த மூன்று சொல்லுக்கு இரண்டு விநாடிதான் ஆகும்.

ஆதாரத்தைச் சொன்னால் கேட்கிறவர்களுக்குச் சலித்துவிடும் என்று பயப்படுகிறவர்களுக்கு உங்கள் தாலுகாவிலேயே ஒரு பதில் இருக்கிறது. நா. வானமாமலை தொகுத்த ‘தமிழர் நாட்டுப்பாடல்கள்’ 1964இல் வந்தது. சாதாரண வாசகர்களுக்காகப் போட்ட புத்தகம். பாட்டுக்கு முன்னால் யார் யாரிடம் எந்த நிலையில் பாடுவது என்று சில வரி. பாட்டுக்குப் பின்னால் வட்டாரச் சொல்லுக்கு அர்த்தம். அதற்கும் அடியில், சேகரித்தவர் பேர், கிடைத்த இடம். எத்தனையோ பாட்டுகளின் அடியில் எஸ்.எஸ். போத்தையா என்ற பேரைப் பார்க்கலாம். இடம் தங்கம்மாள்புரம், விளாத்திகுளம் வட்டம். இங்கேயிருந்து எட்டிப்பிடிக்கிற தூரத்து ஊர். பள்ளி ஆசிரியராக இருந்துகொண்டே அந்த மனிதர் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுச் சேர்த்தார். எழுத்தாளர் கி. ராஜநாராயணனுக்கும் தோழர். அந்த இரண்டு வரியால் எந்த வாசகரும் சலித்துப் புத்தகத்தை மூடியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்த இரண்டு வரி இருப்பதால்தான், அறுபது வருஷம் கழித்து நான் இந்த மேடையில் நின்று “இந்தப் பாட்டு உங்க பக்கத்துப் பாட்டு” என்று சொல்ல முடிகிறது. அந்தப் பாட்டுகளில் ஒன்றை நீங்கள் ஒலியில் சேர்த்தால், முடிவில் சேகரித்தவர் பேரையும் ஊரையும் சத்தமாக வாசியுங்கள். பின்னணி இசையில் அமுக்கிவிடாதீர்கள்.

பேர் சொல்வது என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இதில் எனக்கு மனத்தாங்கல் உண்டு. எத்தனையோ ஆய்வேடுகளில் ‘தகவலாளி, பெண், வயது அறுபத்தைந்து’ என்ற ஒரே வரியில் ஒரு கிழவியின் ஆயுசுச் சம்பாத்தியம் முடிந்துபோகிறது. நடுகைப்பாட்டும் ஒப்பாரியும் அவளுடையவை. பட்டம் வேறு ஒருவருடையது. பாட்காஸ்ட் இந்த அநியாயத்தைக் கொஞ்சம் நேராக்கலாம். அவளே பாடட்டும். பேரைச் சொல்லலாமா, எந்தப் பேர், எங்கெல்லாம் போகும் என்று முன்னாலேயே விளக்கி, சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்பாரி என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஒரு சாவு வீட்டுக்காகப் பாடியதை மறுநாள் பஸ்ஸில் யாரோ கேட்பது அவளுக்குச் சம்மதமா என்று கேட்டே ஆக வேண்டும். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். பதிவு செய்ததை முதலில் அவளுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

மொழியைப் பற்றி நீளமாகப் பேச மாட்டேன். பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்திய கி.ரா. 1982இல் கரிசல் வட்டார வழக்குக்கு ஒரு சொல்லகராதியைக் கொண்டுவந்தார். பிறகு புதுவைப் பல்கலைக்கழகம் அவரை வருகைதரு பேராசிரியராகக் கூப்பிட்டுக்கொண்டது. தன் ஊர் இடைசெவலில் பேசுகிற தமிழால் ஆராய்ச்சியைத் தாங்க முடியும் என்று அவர் ஒருவரே நிரூபித்துவிட்டார். நீங்கள் நாகலாபுரத்துப் பேச்சிலேயே பேசுங்கள். சென்னைத் தொலைக்காட்சித் தமிழைக் கடன் வாங்காதீர்கள். துறைச் சொல் தவிர்க்க முடியாத இடத்தில் ஒரே ஒரு தடவை நிதானமாகச் சொல்லி, விளக்கி, பிறகு அதையே பயன்படுத்துங்கள். ஒரே பொருளுக்கு மூன்று பேர் மாற்றி மாற்றிச் சொன்னால் காது குழம்பும். வருஷங்களைக் கொட்டாதீர்கள். கட்டபொம்மன் கதைக்கு 1799, 1881 இரண்டும் போதும். ஒரு வாக்கியம் வாசிக்கும்போது மூச்சு வாங்கினால், அந்த வாக்கியம் இரண்டாக வேண்டும். பதிவு செய்கிற இடத்தையும் கவனியுங்கள்; அறைக்கு அறை சத்தம் வேறுபடும். நான்கு போர்வையைச் சுவரில் தொங்கவிட்டால் எதிரொலி அடங்கும். இதற்கு மேல் கருவியைப் பற்றி என்னைவிடத் தம்பிகளுக்குத் தெரியும்.

ஆய்வாளர்கள் பக்கமும் ஒரு சொல். ஒலியாக்கினால் ஆராய்ச்சியின் தரம் இறங்கிவிடும் என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். என் அனுபவம் வேறு. ஒரு கட்டுரையை வாய்விட்டுச் சொல்லும்போதுதான் அதன் ஓட்டை தெரிகிறது. ‘அறியமுடிகிறது’ என்று எழுதித் தப்பித்த இடத்தில், பக்கத்தில் இருக்கிறவர் “யாருக்கு சார் தெரியும்?” என்று கேட்டால் பதில் வேண்டும். பதில் இல்லாத இடங்களைக் குறித்துக்கொண்டு மறுபடி ஆவணக் காப்பகத்துக்கோ ஊருக்கோ போக வேண்டியதுதான். இப்படித் திரும்பிப் போகவைக்கிற வாசகர் கட்டுரைக்குக் கிடைப்பது அபூர்வம்.

கேட்கிறவர் திருப்பிப் பேச வழி வைப்பதும் இதில் சேர்ந்தது. 1956இல் புனே வானொலி மகாராஷ்டிரத்தில் 150 கிராமங்களில் ஒரு முயற்சி செய்தது. யுனெஸ்கோ துணை நின்றது. ஊர்க்காரர்கள் கூடி உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேட்பார்கள், அதைப் பற்றி விவாதிப்பார்கள், கேள்விகளை நிலையத்துக்கு எழுதுவார்கள். பதில் பிறகு வரும் நிகழ்ச்சியில் வரும். தபாலில் நடந்த காரியம். உங்களிடம் வாட்ஸ்அப் இருக்கிறது. நாகலாபுரம் தூக்குத் தண்டனையைப் பற்றி ஒரு பகுதி வெளியிட்டதும், புதூரில் இருந்தோ குளத்தூரில் இருந்தோ ஒருவர், “எங்க தாத்தா இதை வேற மாதிரில்லா சொல்லுவாரு” என்று குரல் செய்தி அனுப்புவார். அடுத்த பகுதியை அந்தக் குரலோடு தொடங்குங்கள். அவர் தாத்தா சொன்னதை ஆவணத்தோடு வைத்துப் பாருங்கள். ஒத்துப்போனால் சொல்லுங்கள், ஒத்துப்போகாவிட்டாலும் சொல்லுங்கள். அந்தத் தாத்தா கேட்டது எந்தக் கூத்தில், எந்த வருஷத்துக் கொடையில் என்று விசாரியுங்கள். சினிமா வந்ததற்கு முன்னாலா பின்னாலா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். 1959க்குப் பிறகு கேட்டதில் படத்தின் வசனம் கலந்திருக்கும். அதைப் பிரித்துப் பார்ப்பதே இன்னொரு பகுதிக்கு ஆகும்.

முதல் பகுதிக்கு வேண்டிய கால்டுவெல் நூலின் பக்கங்களையும், போத்தையா சேகரித்த பாட்டுகளின் பட்டியலையும் பிரதி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் தம்பிகள் வாங்கிக்கொள்ளுங்கள். ஊர்ப் பெரியவர்களில் யார் யாரிடம் முதலில் பேச வேண்டும் என்பதை இங்கே இருக்கிற அண்ணாச்சிமார்கள் அவர்களுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.